நாற்பதுக்கு மேல், அறுபதுக்குக் கீழ்

ஓய்வுபெற்ற ஏட்டு தங்கசாமியின் இடது கை போன புரட்டாசியிலிருந்து அவர் பேச்சைக் கேட்பதில்லை. முப்பத்தைந்து வருடம் காவல் துறையில் இருந்தவர் என்பதால் பேச்சைக் கேட்காதவர்களை அவர் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களெல்லாம் தப்பி ஓடினார்கள். இது கூடவே தொங்கிக்கொண்டு கேட்காமல் இருந்தது.

லேசான பக்கவாதம் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதத்தில் கால் வந்தது. இரண்டு மாதத்தில் வாய் நேரானது. வலது கையால் சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார், செல்போனில் பழைய சகாக்களைத் திட்டினார். ஒன்று மட்டும் முடியவில்லை. வேட்டி கட்ட முடியவில்லை. ஒரு கையால் வேட்டி கட்டும் மனிதன் இலஞ்சியில் இதுவரை பிறக்கவில்லை.

ஆகவே காலையும் மாலையும் மனைவி ஆனந்தவள்ளி கட்டிவிட்டாள். அவள் ஒரு நாள் செங்கோட்டையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பத் தாமதமாக, ஏட்டு குளித்த ஈரத்துண்டை வலது கையால் பிடித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாசலில் கூரியர்காரன் பெல் அடித்துக்கொண்டே இருந்தான். முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவர் யாருக்கும் இப்படிப் பயந்து ஒளிந்ததில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மகன் ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். ஏட்டு அதை ஒருமுறை பிரித்தார். பர்ர் என்றது. மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

"நல்லாத்தான இருக்கு, கட்டிக்கிட்டா என்னவாம்?" என்றாள் ஆனந்தவள்ளி.

"சின்னப்பிள்ளைய செருப்பு மாதிரி சத்தம் போடுது. நான் என்ன எல்கேஜியா படிக்கேன்?"

தன் வேட்டியைத் தானே கட்ட வேண்டும். அவருக்கு வேறு எந்த ஆசையும் அந்த வருடம் இல்லை.

இந்த ஆசையோடுதான் அவர் தை மாதம் ஐந்தருவி சாலையில் இருக்கும் 'மறுமலர்ச்சி மூத்தோர் மென்னசைவு நடன மைய'த்துக்குப் போனார். வயதானவர்களுக்கும் நோயிலிருந்து தேறி வருபவர்களுக்கும் மெதுவான அசைவுகளையும் நடனத்தையும் சொல்லித் தரும் மையம் அது. லாட்ஜாக இருந்த கட்டடம். வகுப்பு முதல் மாடியில், இயக்குநர் அறை கீழே. லிஃப்ட் கிடையாது. பதினெட்டுப் படி ஏற முடியாதவர்கள் இன்னும் மையத்துக்குத் தயாராகவில்லை என்று இயக்குநர் முனைவர் நமசிவாயம் கருதினார். அவர் முனைவர் பட்டம் வாங்கியது தேங்காய் நார் ஏற்றுமதியில்.

முதல் நாள் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் ஏட்டு 'வேட்டி' என்று எழுதினார். எழுத்தர் பிச்சுமணி அதை அடித்துவிட்டு 'முழுமையான வாழ்வு' என்று எழுதிக்கொண்டார்.

"பெருவிரலை வைங்க ஏட்டையா. வருகைப் பதிவு."

ஏட்டு வலது பெருவிரலை நீட்டினார்.

"இடது. ஆம்பளையளுக்கு இடது, பொம்பளையளுக்கு வலது. மெஷின்ல அப்படித்தான் செட்டிங்."

"இடது கை வராமத்தானய்யா இங்கன வந்திருக்கேன்."

"வலதும் வைக்கலாம். ஆனா மெஷின் உங்கள இங்கன வர்ற நாச்சியார் டீச்சருன்னு எழுதிக்கிடும்."

ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு, பிச்சுமணி ஒரு காலை மேஜையில் ஊன்றிக்கொண்டு ஏட்டின் மூடிய இடது கையை விரல் விரலாகப் பிரிப்பார். பத்து நிமிடம் ஆகும். பின்னால் வரிசை நிற்கும். மையத்தின் அலுவலகம் யாருடைய உடம்புக்காவது ஏதாவது செய்தது என்றால் அது இதுதான்.

ஒரு மணி நேர வகுப்பில் இறைவணக்கம், உறுதிமொழி, இயக்குநர் உரை, இயக்குநர் உரைக்கு நன்றி, புகைப்படம் எல்லாம் போக நடனத்துக்குப் பதினொரு நிமிடம் மிஞ்சும். அந்தப் பதினொரு நிமிடத்தைத்தான் சஃப்ரின் நடத்தினாள். செங்கோட்டைக்காரி, பிசியோதெரபி படித்தவள், உரத்துப் பேசத் தெரியாதவள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரவைத்து, சின்ன ஸ்பீக்கரில் மெதுவாகப் பாட்டு வைப்பாள்.

"அருவிக்குள்ள நிக்கோம். தலைல தண்ணி விழுது. ரெண்டு கையாலயும் முடிய ஒதுக்குங்க. கை வராதவங்க மனசால ஒதுக்குங்க. இப்போ ஈரத்துணிய உதறுதோம். கொடியில போடுதோம். இன்னும் கொஞ்சம் உயரமான கொடி."

ஏட்டுக்கு முதல் வாரம் வெட்கமாக இருந்தது. அணிவகுப்பு மாதிரி எண்ணிக்கொண்டு செய்தார். மூன்றாவது வாரம் எண்ண மறந்தார். அன்றைக்குத்தான் இடது தோள் ஒரு அங்குலம் உயர்ந்தது. வீட்டில் அதே பாட்டை செல்போனில் வைத்துச் செய்து பார்த்தார். கை அசையவில்லை. பத்துப் பேர் நடுவில், சஃப்ரின் குரலுக்கு மட்டும்தான் அது அசைந்தது. தன் கைக்கு இவ்வளவு கூச்சம் உண்டு என்பது அவருக்கு அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

மாசி மாதம் முழுக்க நன்றாகப் போயிற்று. பங்குனியில் குருவம்மாள் ஆச்சி குணமானாள்.

இடுப்பு எலும்பு முறிந்து கம்போடு வந்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை, டீ வந்துவிட்டது என்று சத்தம் கேட்டதும், கம்பை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பதினெட்டுப் படியும் இறங்கிப் போய் முதல் டம்ளரை எடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிச்சுமணி மட்டும் தட்டவில்லை. அவர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை ஆச்சிக்குப் பொன்னாடை போர்த்தி, 'குணமானோர்' சான்றிதழ் கொடுத்து, பெயரை நீக்கினார்கள்.

"பொன்னாடை எனக்கு எதுக்குய்யா? நான் பாட்டுக்கு இங்கன வந்து கைய காலை ஆட்டிக்கிட்டு இருந்துட்டுப் போறேன். வந்தாத்தான நடக்கு."

இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். கேட்பவர்கள் பதினோரு பேர், அறை இருபதடி. ஆனாலும் எடுத்தார்.

"இது தேறி வருபவர்களுக்கான திட்டம். தேறி வருபவர் என்றால் யார்? நாற்பது சதவீதத்துக்கு மேல், அறுபது சதவீதத்துக்குக் கீழ். அறுபதைத் தாண்டியவர் தேறிவிட்டார். அவரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? நாற்பதைத் தொடாதவர் தேறவில்லை. அவர் நம் புள்ளிவிவரத்துக்குச் செய்யும் துரோகத்தை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. நமக்குக் குணமானவர்களும் வேண்டாம், குணமாகாதவர்களும் வேண்டாம். குணமாகிக்கொண்டே இருப்பவர்கள்தான் இந்த மையத்தின் உயிர். நானும் பதினோரு வருடமாக இந்த மையத்தை அப்படித்தான் நடத்தி வருகிறேன்."

நன்றியுரை சொல்லப்பட்டது.

மறு திங்கட்கிழமை குருவம்மாள் ஆச்சி கம்போடு நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். பிச்சுமணி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குணமானோர் பதிவேட்டுல ஏறியாச்சே ஆச்சி. ஏத்ததுக்குத்தான் வழி இருக்கு, இறக்க வழி இல்ல. மறுபடி சேரணும்னா புதுசா எலும்பு முறிவுச் சான்றிதழ் வேணும்."

"புதுசாவா?"

"மற்ற காலா இருந்தா இன்னும் சுளுவு. ஃபைலும் புதுசா போட்டுரலாம்."

ஆச்சி ஒரு வார்த்தை சொன்னாள். அதை அச்சிட முடியாது. பிறகு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிகளில் கடகடவென்று இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் கோமதிசங்கருக்குக் கடிதம் வந்தது. வங்கியில் மேலாளராக இருந்தவர், நடுக்க நோய்க்காரர். முப்பத்தெட்டு சதவீதம். 'தங்கள் உடல் திட்டத்துக்குப் போதிய ஒத்துழைப்பு வழங்காததால்' என்று கடிதம் தொடங்கியது. தன் உடல் சார்பில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரலாமா என்று அவர் கேட்டார். படிவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வகுப்பில் ஒருவரும் சத்தமாகக் குணமாகவில்லை. எல்லோரும் பிச்சுமணி இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்கினார்கள். ஏட்டுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. நெஞ்சு வலிக்குது சார், வயிறு வலிக்குது சார் என்று லாக்கப்பில் விழுந்து புரண்டவர்களை ஒரே பார்வையில் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர் அவர். இப்போது தன் கையையே வைத்து நடிக்க வேண்டியிருந்தது. கையை அவர் காவலில் வைத்தார். தோள் தானாக உயரும்போது வலது கையால் அமுக்கினார்.

பக்கத்து நாற்காலி நாச்சியார் டீச்சருடையது. இரண்டு முட்டியும் மாற்று முட்டி, எழுபத்து நாலு வயது. நாலு மாதமாகச் சரியாக ஐம்பத்தொன்பது.

"எப்படி டீச்சர்?" என்று ஏட்டு ரகசியமாகக் கேட்டார்.

"முப்பத்தெட்டு வருஷம் மார்க் போட்டவ நான். தாளைப் பாரும். கை உயர்தல் பத்து, கால் உயர்தல் பத்து, முகமலர்ச்சி பத்து, நன்றியுணர்வு பத்து, இப்படிப் பத்துத் தலைப்பு, மொத்தம் நூறு. காலு நல்லா வர்ற மாசம் நான் நன்றியில பிடிச்சுக்கிடுவேன். டைரக்டர் பேசும்போது கொட்டாவி விட்டா மூணு போகும். கைதட்டலைன்னா அஞ்சு."

அதிலிருந்து ஏட்டும் கொட்டாவி விட்டார். கை முன்னேற முன்னேற அவர் நன்றி கெட்டவராகிக்கொண்டே போனார். ஆனி மாதம் வந்தபோது இயக்குநருக்கு வணக்கம் வைப்பதையே நிறுத்தியிருந்தார். அப்படியும் ஐம்பத்தெட்டு.

"தோள் முடிஞ்சிட்டு ஏட்டையா. முழங்கையும் வந்துட்டு," என்றாள் சஃப்ரின், ஸ்பீக்கரைச் சரிசெய்வது போலக் குனிந்து. "இனிமே விரலுதான். இன்னும் ஆறு வாரம். அதுக்குள்ள உங்கள அனுப்பிட்டாங்கன்னா விரல் இறுகிரும். பெறகு எங்க போனாலும் கஷ்டம். எப்படியாவது ஆறு வாரம் இங்கன இருந்திருங்க."

"இருந்திருவேம்மா."

அந்த வாரமே ஆய்வு அறிவிப்பு வந்தது. மாநில மதிப்பீட்டு அலுவலர் உமா மகேஸ்வரி சென்னையிலிருந்து நேரில் வருகிறார். மையத்தின் ஆய்வு எந்த வருடமும் சீசன் தவறி நடந்ததில்லை. சாரல் தொடங்கி, அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்ற செய்தி உறுதியான பிறகே மதிப்பீட்டுக்குத் தேதி குறிக்கப்படும்.

இயக்குநர் ஏட்டைக் கீழே தன் அறைக்கு அழைத்தார். மேஜையில் ஒரு பொன்னாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சான்றிதழ். அதில் 'தங்கசாமி' என்று ஏற்கெனவே அச்சிட்டிருந்தது.

"உட்காருங்க ஏட்டையா. மேடம் முன்னாடி மேடையிலேயே ஒருத்தர் குணமாகணும்னு ஆசைப்படுறேன். நீங்க ஐம்பத்தெட்டுல இருக்கீங்க. இன்னும் ரெண்டே ரெண்டு. நடனத்துல கையை நல்லா தூக்கிட்டீங்கன்னா கணக்கு முடிஞ்சுது."

"எனக்கு இன்னும் குணமாகலையே சார். விரலு வரல."

"விரல் தாளில் கிடையாது," என்றார் இயக்குநர் கனிவாக. "கை உயர்தல் மட்டும்தான் இருக்கு. நீங்க அனாவசியமா விரலைப் பத்திக் கவலைப்படுறீங்க."

வீட்டுக்கு வந்து ஏட்டு சாப்பிடவில்லை. ஆனந்தவள்ளி காரணம் கேட்டாள். சொன்னார்.

"அப்போ தூக்காதிய."

"அது என் கையிலயா இருக்கு? பாட்டு கேட்டா தானா தூக்குது."

"பத்து மாசமா நான் நேந்துக்கிட்டு கிடக்கேன் தூக்கணும்னு," என்றாள் அவள். "இப்போ தூக்கக் கூடாதுன்னு வேற நேரணுமாக்கும்."

ஆய்வு நாள் காலையில் உமா மகேஸ்வரி மூன்று கார்களில் வந்து இறங்கினார். தலைமுடி ஈரமாக இருந்தது. கூட வந்தவர்களுக்கும் ஈரமாக இருந்தது. ஐந்தருவியை முடித்துவிட்டு, மெயின் அருவிக்குப் போவதற்கு நடுவில் மையத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார். அதற்காகவே கீழே வாடகைப் பந்தலும் மேடையும் போட்டிருந்தார்கள்.

"எங்களுக்கு டேட்டாதான் முக்கியம்," என்று அவர் பேச்சைத் தொடங்கினார். "போன வருடம் ஒரு மையத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் பதிவேடு சரியில்லை. மூடிவிட்டோம். இந்த வருடம் இன்னொரு மையத்துக்குப் போனேன். பதிவேடு மிக அருமை. நோயாளிகள்தான் இல்லை. அதற்கு நிதியை இரட்டிப்பாக்கினோம். தூய்மையான டேட்டா என்பது மனிதர்கள் தொடாத டேட்டா."

சாரல் பந்தலின் மேல் படபடத்தது. கைதட்டல் மாதிரியே கேட்டதால் அவர் சற்று நிறுத்தித் தொடர்ந்தார்.

மேடைக்குப் பின்னால் ஆண்கள் நாலு பேருக்கும் கரை போட்ட புது வேட்டி கொடுத்தார்கள். ஆனந்தவள்ளி கட்டிவிட வந்தாள். ஆண்கள் உடைமாற்றும் இடத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று தடுத்துவிட்டார்கள். பிச்சுமணிதான் கட்டிவிட்டார். பிறந்ததிலிருந்து பேண்ட் போட்டவர்.

"இறுக்கிக் கட்டும்யா."

"கட்டியிருக்கு ஏட்டையா, கட்டியிருக்கு. ஏறுங்க."

சஃப்ரின் பாட்டை வைத்தாள். ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். நாச்சியார் டீச்சர் தன் எடை முழுவதையும் ஏட்டின் வலது கையில் சாய்த்து நின்றார். அந்தக் கையை விட்டால் டீச்சர் விழுவார். முதல் வரிசையில் உமா மகேஸ்வரி, மடியில் டேப் கணினி. அவருக்குப் பின்னால் ஆனந்தவள்ளி. ஓரத்தில் பொன்னாடையோடு இயக்குநர்.

அருவியில் நின்றார்கள். முடியை ஒதுக்கினார்கள். ஏட்டின் இடது தோள் துடித்தது. பல்லைக் கடித்து அதை மார்பளவிலேயே நிறுத்தினார். இயக்குநர் ஓரத்திலிருந்து புருவத்தை உயர்த்தி உயர்த்திக் காட்டினார். ஈரத்துணியை உதறினார்கள். அந்த உதறலில் இடுப்பில் ஏதோ நெகிழ்வதை ஏட்டு உணர்ந்தார்.

"ஏட்டு, வேட்டி," என்றார் டீச்சர், உதடு அசையாமல்.

"தெரியுது டீச்சர்."

"பிடியும்வே!"

"வலது கைல நீங்க இருக்கீய."

"இடதால பிடியும்."

"இடதால பிடிச்சா அறுபது தாண்டிரும்."

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். மார்க் விஷயத்தில் அவர் யாருக்கும் தப்பான ஆலோசனை சொன்னதில்லை. "அப்போ விட்டுரும்," என்றார்.

வேட்டி இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தது. இடது கை தானாகக் கிளம்பியது. ஏட்டு அதை அப்படியே நிறுத்தினார். நெற்றியில் வியர்த்தது. வேட்டி முட்டிக்கு வந்தது, ஒரு நொடி நின்றது, விழுந்தது.

பச்சைக் கோடு போட்ட பட்டாபட்டியோடு ஓய்வுபெற்ற ஏட்டு தங்கசாமி மாநில மதிப்பீட்டு அலுவலர் முன் நின்றார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சஃப்ரின் அதை நிறுத்தினாள். பிறகு ஓடிவந்து டீச்சருக்கு ஒரு நாற்காலியைப் போட்டாள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இது நம் நடனத்தின் ஒரு கட்டம். பற்றுகளைக் களைதல். முதுமையில் மனிதன் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறான் என்பதை..."

"ரொம்ப நல்ல கருத்து," என்றார் உமா மகேஸ்வரி, டேப்பில் எழுதிக்கொண்டே. "மற்ற மூன்று பேரும் ஏன் களையவில்லை?"

இயக்குநர் மற்ற மூன்று ஆண்களையும் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். இரண்டு பேர் தயங்கித் தயங்கி முடிச்சில் கை வைத்தார்கள். மூன்றாமவர் நாகராஜன், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "நெஞ்சைப் பிளக்கச் சொன்னாங்க, பிளந்தேன். இதை நான் செய்ய மாட்டேன்," என்றார் தெளிவாக. பெண்கள் பந்தலின் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, இருக்கட்டும்," என்றார் உமா மகேஸ்வரி. அவர் ஏட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐம்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது. இடது கை பாதிப்பு. பெரியவரே, நீங்களே அந்த வேட்டியை எடுத்துக் கட்டுங்கள் பார்ப்போம். கட்டிவிட்டால் குணமானவர். அதைவிட நல்ல சோதனை கிடையாது."

இயக்குநர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு மேடையோரம் வந்துவிட்டார். "கட்டிருங்க ஏட்டையா," என்று கிசுகிசுத்தார். "உங்க ஆசைதான அது. விண்ணப்பத்துலயே எழுதுனீங்களே. கட்டிருங்க."

ஏட்டு குனிந்து வலது கையால் வேட்டியை எடுத்தார். பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவந்தார். இரண்டாவது முனை இடது பக்கம் தொங்கியது. இடது கையை அதனிடம் கொண்டுபோனார். வராது என்று தெரிந்தே கொண்டுபோனார். சோதனைக்காகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

விரல்கள் கரையைத் தொட்டன. இரண்டு மட்டும் விரிந்தன. மடங்கின. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் துணியைப் பற்றிக்கொண்டன. புதுத்துணியின் கஞ்சி மொடமொடப்பு விரல்நுனியில் தெரிந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை.

இன்னும் ஒரு இழுப்பு, ஒரு செருகல். வேட்டி கட்டியாகிவிடும். ஆனால் அந்த இரண்டு விரலும் நடுங்கிக்கொண்டிருந்தன. மற்ற மூன்றும் இன்னும் மூடியே கிடந்தன. இன்று ஒரு தடவை கட்டலாம். நாளைக்கு? டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் சஃப்ரின் தன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏட்டு விரல்களைத் திறந்தார். அவற்றை அசைக்க முயன்ற பத்து மாதத்தை விட அந்தத் திறப்புக்கு அதிக பலம் தேவைப்பட்டது. துணி நழுவியது.

"வரல மேடம்," என்றார்.

பந்தலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இயக்குநர் பொன்னாடையை மறுபடி மடிக்கத் தொடங்கினார். நாலாக மடிப்பதற்குப் பதில் மூன்றாக மடித்து, திரும்பப் பிரித்தார்.

ஆனந்தவள்ளி எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேடையேறி வந்து, ஊர் முழுக்கப் பார்க்க, புருஷன் இடுப்பில் வேட்டியைச் சுற்றினாள். வழக்கம்போல இடது முனையை எடுக்கக் குனிந்தபோது, அது அவளுக்கு முன்பே தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. மடிப்புக்குள், யாருக்கும் தெரியாத இடத்தில், இரண்டு விரல்கள் அதை அவளுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் கை நின்றது.

"பிடிச்சிருக்கீயளே," என்றாள், மூச்சு மாதிரி.

"சத்தம் போடாத," என்றார் ஏட்டு, நேராகப் பார்த்துக்கொண்டே. "இன்னும் ஆறு வாரம்."

ஆனந்தவள்ளி முனையை வாங்கி இறுக்கிச் செருகினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"இந்த மனுசனுக்கு ஒரு மண்ணும் வராது மேடம். வீட்டுலயும் இப்படித்தான். ஒரு சுருக்குப் பை முடிச்சக்கூட அவுக்கத் தெரியாது. நல்லா குறைச்சே போடுங்க."

உமா மகேஸ்வரி ஐம்பத்திரண்டு என்று போட்டார்.